வெள்ளத்துக்குக் கலியாண மண்டபம்: முன்பக்கம் பத்துக்குப் பத்து, பின்பக்கம் நாலு

யாழ்ப்பாண நகருக்குக் கொஞ்சம் வெளியே, பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் இறங்கினால் வரும் நடுத்தர மண்டபம். பெயர் வேண்டாம், இதே அச்சில் வலிகாமத்தில் இன்னும் பல நிற்கின்றன. கலியாணத்துக்கு எப்படி என்பது ஊருக்கே தெரியும். வெள்ள நேரத்தில் பிரதேச செயலகம் இதை இடம்பெயர்ந்த சனம் தங்கும் நலன்புரி நிலையமாக வாடகைக்கு எடுத்தால் தாக்குப்பிடிக்குமா என்பதே இங்கே கேள்வி.

பள்ளிக்கூடம் இருக்க மண்டபம் எதற்கு? 2024இல் ஃபெங்கல் புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இடைநிறுத்த வேண்டி வந்தது. 2025இல் டிட்வாவுக்கும் அதே நிலை. பரீட்சை மண்டபத்தில் பாய் விரிக்க முடியாது.

உரிமையாளர் “அறுநூறு பேர் கொள்ளும்” என்பார். அது கதிரைக் கணக்கு. படுத்தெழும்ப ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் என்பது சர்வதேச அளவு, ஏறத்தாழ 38 சதுர அடி. 80க்கு 45 அடி மண்டபத்தில் நடைபாதையும் வாசலும் கழித்தால் எண்பது பேர், அதாவது இருபது குடும்பம். அதற்கு மேல் ஏற்றினால் இரண்டாம் இரவே சண்டை. மணவறை மேடையில் ஆட்களைப் படுக்க விடாமல் உலர் உணவு மூட்டைகளை அடுக்கலாம். தரையில் ஈரம் ஏறினாலும் அரிசி தப்பும். மணமகள் அறைக்கு உள்ளேயே மலகூடம் இருப்பதால் அது கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும். இந்த ஒரு அறைக்காகவே பள்ளிக்கூடத்தைவிட மண்டபம் மேல்.

சமையல் கொட்டிலும் நல்லது. கிடாரம், அகப்பை, பெரிய அடுப்பு எல்லாம் இருக்கு. எண்பது பேருக்கு ஒரு நேரம் பத்துக் கிலோ அரிசி போதும். பக்கச் சுவர் இல்லாததால் வாடைக்காற்றுச் சாரல் அடுப்புக்குள் அடிக்கும். வடக்குப் பக்கம் படங்கு கட்டவேண்டும். விறகை நம்பாமல் காஸ் சிலிண்டர் இரண்டு.

இனிப் பின்பக்கம். மலகூடம் நான்கு, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு. இருபது பேருக்கு ஒன்று என்றால் எண்ணிக்கை சரி, பங்கு பிழை. பலகையை மாற்றி மூன்றைப் பெண்களுக்கு விடவேண்டும். பெரிய சிக்கல் மலக்குழி. ஒரு நாள் விருந்துக்குக் கட்டியது, எண்பது பேர் இரவுபகல் பாவித்தால் தாங்காது. மழையில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும். குழி உறிஞ்சாது, திருப்பித் தள்ளும். நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல், வெடிப்பால் அழுக்கு கிணற்றுக்கு ஓடும். குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டும். இந்த வளவில் பாதிகூட இல்லை. எனவே கிணறு கழுவ மட்டும். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் வீதம் மொத்தம் 1,200 லீற்றர். கூரைத் தாங்கியோ 1,000 லீற்றர்தான், மோட்டர் நாளுக்கு இரண்டு தடவை ஓடவேண்டும். அந்த மோட்டருக்கு ஜெனரேற்றர் இணைப்பு இல்லை! மின்சாரம் போனால் மேடை அலங்கார விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வராது. பார்க்கப் போகிறவர்கள் மெயின் சுவிச்சை அணைக்கச் சொல்லி, ஜெனரேற்றரில் எது எது வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

வாடகைதான் பெரும்பாலும் பிழைக்கும் இடம். மண்டபக்காரர் ‘ஒரு நிகழ்வுக்கு’ என்று விலை சொல்வார், முகாமுக்கு 24 மணி நேர நாள்விலை வேண்டும். அரச வாடகைக்கு விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் மதிப்பீடு தேவை. முழங்கால் தண்ணீரில் அதற்கு அலைய முடியாது. நிஷா (2008), புரேவி (2020), ஃபெங்கல், டிட்வா நான்கும் கார்த்திகையில்தான் வந்தன, முகூர்த்த மாதம். மார்கழியில் மண்டபம் சும்மா கிடக்கும், ஆனால் புயல் அதுவரை பொறுப்பதில்லை. ஆகவே ஆவணி, புரட்டாசியிலேயே மதிப்பீடு எடுத்து, ‘அறிவித்தால் ஆறு மணி நேரத்தில் திறந்து தரவேண்டும்’ என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் எழுதவேண்டும். முற்பணம் கட்டிய கலியாணம் குறுக்கிட்டால் யார் விட்டுக்கொடுப்பது என்பதும் அதில் இருக்கவேண்டும்.

சாவி வாங்கும் நாளில் மின்மானி வாசிப்பு, கதிரை எண்ணிக்கை, கிடார எண்ணிக்கை, சுவர் வெடிப்புகளின் படம் எல்லாவற்றையும் குறித்து இரு பக்கமும், கிராம அலுவலரும் ஒப்பமிடவேண்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால் கடைசியில் பழைய வெடிப்புக்கும் அரசாங்கம்தான் காசு கட்டவேண்டிவரும். சனம் போனபின் குழி இறைப்பது யார் செலவு என்பதையும் எழுதாமல் விடக்கூடாது.

இன்னொன்று, வாசல் அலங்கார வளைவு. உயரம் ஒன்பதரை அடி. கழிவு இறைக்கும் பவுசர் அதற்குள் நுழையாது. ஒழுங்கையில் நின்று குழிவரை குழாய் இழுக்க 200 அடி வேண்டும். பிரதேச சபையிடம் அவ்வளவு நீளக் குழாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.