இரண்டு சல்லடை, ஒரே காது: ஸ்டீரியோ மைக் வாங்கப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் வெளிப்புற ஒலிப்பதிவுக்கு ஸ்டீரியோ மைக் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் ஏமாந்து வாங்கிய மைக்கின் அடையாளம் இது: விரல் நீளம், கறுப்பு நிறம், தலையின் இரு பக்கமும் பொன்னிறச் சல்லடை, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் முத்திரை. அட்டைப் பெட்டியில் ‘உண்மையான ஸ்டீரியோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என்னிடம் 4,800 ரூபாய்க்கு விற்றார்கள். அதில் ஸ்டீரியோவும் இல்லை, உண்மையும் இல்லை.

என்ன வேலைக்கு வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தத்தையும், ஊசுட்டேரியில் விடியற்காலைப் பறவைகளையும் பதிவு செய்கிறவன் நான். “அண்ணே, ஏரிக்கரையில் மெல்லிய சத்தங்களை எடுக்க வேண்டும், எது இடப்பக்கம் எது வலப்பக்கம் என்று கேட்கும்போதே தெரிய வேண்டும்” என்று சொல்லித்தான் கேட்டேன். “இதில் இரண்டு கேப்சூல் இருக்கிறது தம்பி, சென்னையில் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்றார் கடைக்காரர். கேப்சூல் என்பது மைக்குக்குள் சத்தத்தைப் பிடிக்கும் உறுப்பு. இரண்டு கேப்சூல் என்பதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். பிறகு மைக்கை ரெக்கார்டரில் செருகி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, சல்லடையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். இரண்டு காதிலும் கரகரவென்று கேட்டது. “பார்த்தீர்களா தம்பி, ஸ்டீரியோ!”

இந்தச் சுரண்டல் வித்தையைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இரண்டு காதிலும் சத்தம் கேட்பது ஸ்டீரியோ ஆகாது. இரண்டு காதிலும் வெவ்வேறாகக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் உண்மையான ஸ்டீரியோ மைக்கில் இரண்டு கேப்சூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக 90 டிகிரியோ அதற்கு மேலோ விரித்து வைக்கிறார்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் முறையில் 17 சென்டிமீட்டர் இடைவெளியும் 110 டிகிரிக் கோணமும் இருக்கும். ஒரு சத்தம் இந்தப் பக்கக் கேப்சூலில் கொஞ்சம் பலமாகவும், அந்தப் பக்கத்தில் கொஞ்சம் தணிந்தோ தாமதித்தோ விழுவதால்தான் நமக்குத் திசை புரிகிறது.

துறைமுகத்தில் குட்டு வெளிப்பட்டது. ஏலம் கூவுகிற அம்மா ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு நடந்துகொண்டே விலையை ஏற்றுவார். என் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வரை ஒரு வரிசையை முடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு விசைப்படகு குறுக்கே போனது. வீட்டில் கேட்டபோது அம்மாவும் நடுவில், படகும் நடுவில், காக்கையும் நடுவில். துறைமுகம் முழுவதும் என் மூக்குக்கு நேரே வந்து நின்றுகொண்டிருந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ (ஒற்றை) தடங்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வர்ட்’ செய்து (ஒலி அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். இரண்டு தடங்களிலும் இருப்பது ஒரே சத்தமானால் ஒன்றையொன்று அழித்துவிடும். உண்மையான ஸ்டீரியோவில் ஓரங்களிலிருந்து வந்த சத்தமெல்லாம் மிஞ்சி நிற்கும். நேர் எதிரே இருக்கும் சத்தம் நல்ல மைக்கிலும் பெருமளவு அழியும் என்பதால், மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே பேசிப் பதிவு செய்து சோதியுங்கள். என் துறைமுகப் பதிவில் என்ன மிஞ்சியது? ஒன்றுமே இல்லை. அத்தனை பெரிய ஏலம், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது.

கொஞ்ச நாளில் வலப்பக்கச் சல்லடை தானாகவே கழன்று விழுந்தது. உள்ளே கேப்சூல் இருக்க வேண்டிய குழியில் காய்ந்த பசைப் பொட்டு ஒன்று இருந்தது. வேறெதுவும் இல்லை. இடப்பக்கத்து ஒற்றைக் கேப்சூலின் சத்தத்தை இரண்டு தடங்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கேமராவில் பேச்சைப் பதிவு செய்ய வரும் நல்ல மோனோ மைக்குகளிலும் இப்படிப்பட்ட இணைப்பு உண்டு. ஆனால் அவற்றை மோனோ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மைக்கை ரெக்கார்டரில் செருகும் முள்ளில் எத்தனை கோடு என்று பார்த்தும் முழுதாக நம்ப முடியாது. மூன்று கறுப்புக் கோடு இருந்தால் அது போனுக்கான முள், அதில் மைக்குக்கு ஒரே தடம்தான், ஸ்டீரியோவுக்கு வழியே இல்லை. இரண்டு கோடு இருந்தால் ஸ்டீரியோவாக இருக்கலாம், என்னுடையதைப் போலவும் இருக்கலாம்.

ஊசுட்டேரி இன்னொரு கதை. முக்குளிப்பான் ஒன்று கரையோர நாணலில் குரல் கொடுத்தது. பதிவில் அதற்கு மேலாக ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல். இது மைக்கின் சொந்த இரைச்சல். பெட்டியில் இந்த அளவை நேராகப் போடாமல் ‘எஸ்/என் 60 டெசிபல்’, அதாவது சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம், என்று அச்சடித்திருந்தார்கள். அந்த எண்ணை, மைக்கை அளக்கப் பயன்படுத்தும் சத்தத்தின் அளவான 94 டெசிபலிலிருந்து கழித்தால் சொந்த இரைச்சல் கிடைக்கும்: 34 டெசிபல். அமைதியான படுக்கையறையின் ஓசையே ஏறத்தாழ 30 டெசிபல்தான் என்றால், ஏரிக்கரையில் இதை வைத்து என்ன செய்வது? ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகா பிபி4025-இல் 14, ரோட் என்டி4-இல் 16. அவை விலை அதிகம். பிபி4025-க்கு ரெக்கார்டர் பாண்டம் பவர் (மைக் கம்பி வழியே வரும் மின்சாரம்) தர வேண்டும், என்டி4 9 வோல்ட் பாட்டரியிலும் ஓடும். கையில் காசு குறைவு, சால்டரிங் தெரியும் என்றால் பிரைமோ இஎம்272 கேப்சூல்கள் இரண்டு வாங்கி நீங்களே இணைத்துக்கொள்ளலாம். அதிலும் 14 டெசிபல்தான். ஏலத்துக்கும் கூத்துக்கும் இவ்வளவு அமைதியான மைக் தேவையில்லை. பறவைக்குத் தேவை.

கடைக்காரர் இலவசமாகத் தந்த மெல்லிய பஞ்சு உறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றுக்கு நீண்ட ரோமம் வைத்த உறை வேண்டும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலில் ரெக்கார்டரில் பழுது என்றார். வேறு ரெக்கார்டரில் காட்டினேன். அப்புறம் ஹெட்போன், அப்புறம் உப்புக் காற்று. கழன்ற சல்லடையையும் பசைப் பொட்டையும் காட்டியதும், “நீங்களே திறந்து உடைத்துவிட்டீர்கள்” என்றார். கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற தாளை நோக்கிக் கையை நீட்டினார். பில் என்ற பெயரில் அவர் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு.

அந்தத் தாளைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அப்படியே. நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். துண்டுச்சீட்டோடு யுபிஐயில் பணம் போன விவரமும், இரண்டு கேப்சூல் என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்தியும் இருந்தன. அந்தச் செய்திதான் இப்போது எனக்குக் கைகொடுக்கிறது. எதை வாங்கினாலும் கடைக்காரர் வாயால் சொல்வதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் போன பிறகு கடையிலிருந்து அழைத்தார்கள். “பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் தம்பி.” முழுப் பணமும் வந்தால் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. மனுவை எழுதி வைத்துவிட்டேன். இன்வர்ட் சோதனையின் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு அதனுடன் இணைத்திருக்கிறேன்.