கேட் ஆங்கிலப் பகுதி: கோவை வகுப்பா, கோத்தகிரி வீடா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வுக்குப் படிப்பவர்கள், வார இறுதியில் கோவை வகுப்புக்கு இறங்கிப் போவதா, வீட்டிலேயே படிப்பதா என்று குழம்புகிறார்கள். கணக்குக்கு வகுப்பு உதவும், சரி. ஆங்கில வாசிப்புக்கு என் ஓட்டு வீட்டுக்குத்தான்.

2024 தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம், 24 கேள்விகள். அதில் 16 கேள்விகள் பத்தியைப் படித்து விடையளிப்பவை. தவறான விடையைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும். தத்துவம், சூழலியல், பொருளாதாரம் என்று பழக்கமில்லாத கட்டுரையைப் பதறாமல் படிக்கும் நிதானம், தினமும் உட்கார்ந்து வாசித்தால்தான் வரும். அந்த நேரத்தை மேட்டுப்பாளையம் மலைப்பாதைப் பேருந்தில் ஏன் தொலைக்க வேண்டும்? கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைத் திறந்தால் பலருக்குத் தலை சுற்றும். தேர்வு வழக்கமாக நவம்பர் கடைசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் அதையொட்டிய வாரங்களில்தான்.

வகுப்பில் ஒரு நன்மை உண்டு: நீங்கள் தேர்ந்த விடை ஏன் தவறு என்று ஒருவர் மடக்கிக் கேட்பார். வீட்டில் அதை நீங்களே செய்ய வேண்டும். பழைய வினாத்தாளில் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடைக்கு ஆதாரமான வரியைப் பத்தியில் தேடிக் கோடிடுங்கள். அப்புறம் அடுத்த பத்திக்குப் போங்கள்.