கால் வீக்கமா, மரத்துப்போதலா: எது எதனால் வருகிறது?

“கால் வீங்குது, பாதம் மதமதன்னு இருக்கு.” நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். கேட்பவரும் “சுகராத்தான் இருக்கும்” என்று முடித்துவிடுகிறார். இரண்டும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வீக்கம் என்பது நீர் தேங்குவது, மரத்துப்போவது நரம்பின் பிரச்சினை. அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

வீக்கம் ஒரு காலிலா, இரண்டு காலிலுமா? முதலில் இதைப் பாருங்கள். ஒரே கால் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்த பிறகோ இது வருவதுண்டு. தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே ஒரு கால், ஆனால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பருத்தது என்றால் யானைக்காலையும் நினைக்க வேண்டும். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது அது.

இரண்டு காலும் சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறதா? நின்று வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் கால் சிரைகளின் களைப்புதான் இது. ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களைப் பார்த்தால் புரியும். வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. மாறாக, காலையில் எழும்போதே கண்ணைச் சுற்றி உப்பி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, தலையணையை அடுக்கி வைத்துத்தான் தூங்க முடிகிறது என்றால் இதயத்தை.

இந்த வரிசையில் பலர் விட்டுவிடுவது மாத்திரை டப்பாவை. பிரஷருக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். 5 மில்லிகிராமை விட 10 மில்லிகிராமில் அதிகம், சென்னை வெயிலில் இன்னும் கூடும். இது தெரியாமல் மருந்துக்கடையில் நீர் பிரியும் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். அம்லோடிபின் வீக்கம் அதற்குப் பெரிதாக மசியாது, உடம்பின் உப்புச்சத்துதான் குறையும். நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலினும் காலை வீங்கவைக்கக்கூடியது. அதாவது மரத்துப்போனதற்குச் சாப்பிட்ட மருந்தே வீக்கத்தைக் கொண்டுவந்திருக்கலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

அப்புறம், மரத்துப்போதல். இதில் முக்கியமான போட்டி சுகருக்கும் வைட்டமின் பி12 குறைவுக்கும்தான். இரண்டுமே இரு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி மேலேறும். சுகரில் இரவு எரிச்சல் அதிகம், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. பி12 குறைந்தால் தடுமாற்றம் சேர்ந்து வரும். வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு ஆடுகிறது என்று சொன்னால் எனக்கு முதலில் பி12தான் தோன்றும். சைவ உணவுக்காரர்களுக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். சுகருக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். ஆகவே சுகர் உள்ளவரின் கால் மரத்தால் எல்லாப் பழியையும் சுகர் மேலேயே போட்டுவிடுவது நியாயமில்லை. பி12 குறைவு ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடியது, தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும்.

மரப்பு இடுப்பிலிருந்து ஒரே காலில் கோடு போட்டதுபோல் இறங்கி, இருமினால் சுரீரென்று இழுத்தால் முதுகுத்தண்டு டிஸ்க் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிறிய தேமல், அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

வீக்கமும் மரப்பும் நிஜமாகவே ஒன்றாகச் சேரும் இடங்களும் உண்டு. சுகர் நரம்பையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதித்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், பல வருடக் குடி கல்லீரலையும் நரம்பையும் கெடுத்திருக்கலாம். எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. சுகர் உள்ளவரின் மரத்த பாதம் ஒன்று மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கும். வலி அவ்வளவாக இருக்காது. சுளுக்கு என்று நினைத்து அதன் மேலேயே நடப்பார்கள், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். இதற்குச் சார்கோ பாதம் என்று பெயர். டாக்டரைப் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது.

பரிசோதனை என்றால் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகர்), பி12, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம், தைராய்டு ஆகியவற்றில் தொடங்கலாம். பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். ஒரு நிமிடத்து வேலைதான், கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்பதால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தொடைகளுக்கு நடுவே மரத்து, சிறுநீர் போவது தெரியவில்லை என்றாலோ, ஒரு கால் திடீரென்று வெளிறிச் சில்லிட்டு வலித்தாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.