மஸ்டாங் டிக்கியில் எந்த டேங்க்: பழைய இரும்பா, பிளாஸ்டிக் செல்லா, ரப்பர் பையா?

1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் டிக்கியைத் திறந்து, விரிப்பை ஒதுக்கிவிட்டு, நடுவில் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். டிக்கியின் தரை என்று நாம் நினைக்கும் அந்தத் தகடு, பெட்ரோல் டேங்கின் மேல்பாகம். ஃபோர்டு டிக்கித் தரையில் பெரிதாக ஒரு ஓட்டை விட்டு, டேங்கை மேலிருந்து அதில் இறக்கி, விளிம்பைச் சுற்றித் திருகு போட்டு முடித்துவிட்டது. தனியாகத் தரை கிடையாது. ஊருக்குப் போகப் பெட்டியைத் தூக்கி வைத்தால் அது டேங்கின் முதுகில்தான் உட்காரும். 1970 மாடல் வரைக்கும் இதே கதைதான்.

டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு அட்டை, பிறகு சீட்டின் ஸ்பிரிங், பஞ்சு. இரும்புச் சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை. பெட்ரோல் ஊற்றும் வாய் காரின் பின்புறத் தகட்டின் நடுவில். அங்கிருந்து ஒரு குழாய் டிக்கிக்குள் நுழைந்து, சிறிய ரப்பர் ஹோஸ் வழியாக டேங்கில் சேர்கிறது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அந்தக் குழாய். அது பிடுங்கிக்கொண்டால் பெட்ரோல் டிக்கிக்குள் கொட்டும், டிக்கியிலிருந்து ஆள் உட்காரும் இடத்துக்கு வரும்.

என் நண்பர் தன் 1966 மஸ்டாங்கைப் பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட்டத் தயார்செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஃப்யூவல் செல் வாங்கலாம்?" ஃப்யூவல் செல் என்றால் மோதலிலும் பெட்ரோல் எளிதில் சிந்தாதபடி செய்த பந்தய டேங்க். நான் திருப்பிக் கேட்டது, "டிக்கிக்கும் உனக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த வரிசையில்தான் யோசிக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். சுவர் முதலில். டேங்க் அடுத்து.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும். ஒரு டிக்கியை அந்த நிலைக்குக் கொண்டுவர கால் டம்ளர் பெட்ரோல்கூட வேண்டாம். உலகத்திலேயே விலை உயர்ந்த ரப்பர் பையை வைத்திருந்தாலும், அதன் மூடியோ ஹோஸ் இணைப்போ கசிந்தால் அந்த ஆவி பின் சீட்டு அட்டையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அமெரிக்காவின் நேர்கோட்டுப் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ, டிக்கிக்குள் டேங்க் வைத்தால் அதற்கும் ஓட்டுநருக்கும் நடுவே முழு உலோகத் தடுப்பு வேண்டும் என்கிறது: இரும்பு என்றால் 0.6 மில்லிமீட்டர், அலுமினியம் என்றால் 0.8. தலைக்குப் பின்னால் இருக்கும் பார்சல் தட்டின் ஓட்டைகளும் இதில் அடக்கம். ஸ்பீக்கருக்காக யாரோ எப்போதோ வெட்டிய துளையை மூடாமல் விட்டால் கீழே சுவர் கட்டியும் பயனில்லை. ஒயர் நுழையும் இடத்துக்கெல்லாம் ரப்பர் வளையம், விளிம்பெல்லாம் தீத்தாங்கும் சீலன்ட். நம்மூர் டிங்கரிங் கடையில் ஒரு நாளில் முடியும் வேலை இது. எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவதும் இதைத்தான்.

இனி டேங்குகளுக்கு வருவோம்.

பழைய டேங்கே போதுமா?

சாலையில் மட்டும் ஓடும் மஸ்டாங்குக்குப் போதும் என்பது என் கருத்து. அசல் வடிவத்திலேயே புதிய டேங்குகள் கிடைக்கின்றன. 60 லிட்டர் பிடிக்கும். இறக்கினால் அப்படியே உட்காரும். டேஷ்போர்டு மீட்டரும் சரியாகக் காட்டும். அறுபது வருடத் துருவேறிய டேங்கை வைத்துக்கொண்டு செல் வாங்கக் காசு சேர்ப்பதைவிட, புது டேங்க், புது ஹோஸ், பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புச் சுவர் என்று இந்த வாரமே முடிப்பது நல்லது.

இதற்குள் பாதுகாப்பு நுரையை, அதாவது துளைகள் திறந்த ஸ்பாஞ்சை, நிரப்புவதும் உண்டு. பெட்ரோல் அலைபாய்வதை அது அடக்கும். டேங்குக்குள் தீ பரவுவதையும் தடுக்கும். கொள்ளளவில் சுமார் மூன்று விழுக்காட்டைத்தான் தின்னும். ஆனால் தகடு கிழிந்தால் நுரையால் பெட்ரோலைப் பிடித்து வைக்க முடியாது. பந்தயத்தில் பக்கத்தில் இன்னொரு கார் உரசிக்கொண்டு ஓடும் என்றால் பழைய டேங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுமினியப் பெட்டி

பளபளவென்று இருக்கும், மேலே வட்ட மூடி, உள்ளே கொஞ்சம் நுரை. விற்பவர்கள் இதையும் "ஃப்யூவல் செல்" என்றே எழுதுகிறார்கள். உள்ளே பை இல்லையென்றால் அது வெறும் டேங்க். மோதலில் அலுமினியத் தகடு மடங்கும்போது வெல்டிங் ஓரத்தில் பிளக்கும். மோதலே இல்லாவிட்டாலும், பிடிப்பு சரியில்லாத பெட்டியில் அதிர்வால் நாளடைவில் மூலை வெல்டிங்கில் மயிரிழை விரிசல் வரும். கார் கண்காட்சிக்கு அழகு. இந்தப் பட்டியலில் எனக்குக் கடைசி இடம் இதற்குத்தான்.

பிளாஸ்டிக் செல்

பாலித்தீனை அச்சில் சுழற்றி வார்த்த பெட்டி. கெட்டியான சுவர், மூட்டே இல்லாத உடல், உள்ளே நுரை. அடித்தால் அமுங்கும், எளிதில் பிளக்காது. விலையும் கைக்கு அடக்கம். நேர்கோட்டுப் பந்தயத்துக்கும், எப்போதாவது டிராக்கில் தனியாக ஓட்டிப் பார்ப்பவருக்கும் இது நியாயமான தேர்வு.

இரண்டு எச்சரிக்கை. இதை வெறும் பட்டையில் தொங்கவிடக் கூடாது. பிளாஸ்டிக்குக்கு வெளியே இரும்புக் கூடு வேண்டும், அதுவும் தரைக்குக் கீழே தெரியும் பகுதிக்குக் கட்டாயம். அடுத்தது எர்த். இரும்பு டேங்க் தானாகவே காரின் உடலோடு மின்தொடர்பில் இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பெட்ரோல் ஊற்றும்போது உருவாகும் நிலைமின்சாரம் போக வழியில்லாமல் மூடியின் உலோகத் தட்டில் நின்றுவிடும். அந்தத் தட்டிலிருந்து சேஸுக்கு ஒரு ஒயர். அதற்கு ஆகும் செலவு ஒரு காபிக் காசு.

நண்பர் முதலில் வாங்கியது இந்த வகைதான். முதல் நாள் ஓட்டத்தில் இடப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் பெட்ரோல் வாடை. நிறுத்தி டிக்கியைத் திறந்தால் செல்லுக்குப் பக்கத்தில் ஈரம். காற்றுப்போக்கி ஹோஸை ஒரு சாண் நீளத்துக்கு விட்டு, டிக்கிக்குள்ளேயே முடித்திருந்தார்கள். செல் மேல் எந்தக் குறையும் இல்லை, பொருத்தியவர் கைதான் தவறு. காற்றுப்போக்கிக் குழாய் செல்லின் மேலிருந்து கிளம்பி, டிக்கியின் எதிர்ப்பக்கம் வரை உயரத்திலேயே போய், அங்கிருந்து காரின் அடிப்பகுதிக்கு வெளியே இறங்க வேண்டும். கார் கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் குண்டு வால்வு அதன் தொடக்கத்தில் இருக்க வேண்டும். எந்தச் செல் வாங்கினாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

ரப்பர் பை

உண்மையான ஃப்யூவல் செல் என்றால் இதுதான். நைலான் போன்ற வலுவான நெசவுத் துணியில் ரப்பர் ஊறவைத்த பை. அதைச் சுற்றி இரும்பு அல்லது அலுமினியக் கூடு. உள்ளே நுரைக் கட்டிகள். கூடு நசுங்கும்போது பையும் கூடவே வளைந்து கொடுக்கும், ஆனால் கிழியாது.

இது வந்த கதையில் மஸ்டாங்கும் ஓரமாக நிற்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. மே 24 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் நடந்த நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து எரிந்தது. தீக்காயங்களோடு போராடி ஜூலை 2 அன்று இறந்தார். அவர் கார் எரிந்த ஆறே நாளில், மே 30 அன்று, இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் நடந்த தீ விபத்தில் ஓட்டுநர்கள் டேவ் மெக்டொனால்டும் எடி சாக்ஸும் இறந்தார்கள். அந்த வாரத்துக்குப் பிறகுதான் ஃபயர்ஸ்டோன் போன்ற டயர் கம்பெனிகளின் ரப்பர் அறிவு பந்தயக் காரின் டேங்குக்குள் வந்தது. அந்த வசந்தத்தில் வடிவமைப்பு முடிந்து வெளியே வந்துவிட்ட காரில்தான் நாம் இன்றைக்குச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ இந்தப் பைகளுக்கு எஃப்டி3, எஃப்டி3.5, எஃப்டி5 என்று வலு வாரியாகத் தரம் வைத்திருக்கிறது. பழைய கார்களுக்கு எஃப்டி3 போதும். தயாரித்த தேதி பையிலேயே அச்சாகியிருக்கும். ஐந்து வருட ஆயுள். தயாரித்தவருக்கே அனுப்பிச் சோதித்தால் மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, தயாரித்த நாளிலிருந்து ஓடும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று மூன்று வருடம் அலமாரியில் கிடந்த பையை வாங்காதீர்கள்.

நண்பரின் இரண்டாவது செல் இதுதான். பையைக் கூட்டுக்குள் போடுவதே ஒரு வேலை. குளிரில் விறைத்துக் கிடந்ததை வெயிலில் அரைமணி நேரம் போட்டோம், இளகியது. வேட்டி மடிப்பதுபோல நீளவாக்கில் மடித்து, மேல்வாய் வழியாக உள்ளே தள்ளி, கையைத் தோள்வரை விட்டு மூலை மூலையாக நீவி உட்காரவைத்தோம். அதற்கு முன்பே கூட்டின் உள்ளே ஒவ்வொரு ஓரத்தையும் தடவிப் பார்த்து, பிசிறு இருந்த இடத்தில் அரம் போட்டுத் துணி டேப் ஒட்டியாயிற்று. நுரைக் கட்டிகளைக் கூர்மையான கத்தியால் வெட்ட வேண்டும். பிய்த்தால் துகள் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். மூடித்தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, தயாரித்தவர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினோம். கூடுதலாக இறுக்கினால் அடியிலிருக்கும் ரப்பர் பிதுங்கி அங்கேயே கசியத் தொடங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. விலை பிளாஸ்டிக்கைப்போலப் பல மடங்கு. சாலையில் மட்டும் ஓடும் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பை மாற்றுவது பெரும்பாலோரால் முடியாது. முடியாதவர்கள் காலாவதியான பையோடு ஓட்டுவார்கள், அது புது இரும்பு டேங்கைவிட மோசம். பழைய ஃபோர்டு பெட்ரோல் மீட்டர், டேங்க் மிதவையின் மின்தடையைக் காலி என்றால் 73 ஓம், நிறைவு என்றால் 10 ஓம் என்று படிக்கும். அதற்கேற்ற மிதவை உள்ள செல்லைக் கேட்டு வாங்காவிட்டால் முள் பொய் சொல்லும்.

எதை எங்கே கட்டுவது

கூட்டை டிக்கித் தகட்டில் நேராக போல்ட் போடாதீர்கள். மோதலில் தகடு கிழிந்து, நிறைந்த செல் நாற்பது கிலோவுக்கு மேல் எடையோடு முன்னே பாயும். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் சட்டம் செய்து, காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் பின்புற இரும்பு விட்டங்கள் இரண்டோடும் சேர்த்து, மேலே இரும்புப் பட்டையால் கட்டுங்கள். பின்புறத் தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. டயர் பஞ்சராகி ரிம்மில் உருண்டாலும் செல்லின் அடி சாலையில் உரசாத உயரம் வேண்டும். மின் பம்ப் வைத்தால், இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்சோ, மோதலில் துண்டிக்கும் சுவிட்சோ இருக்க வேண்டும்.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க பம்புகளில் பெரும்பாலும் 10 விழுக்காடு, இந்தியாவில் இப்போது 20. பழைய பாலியெஸ்டர் நுரை ஆல்கஹாலில் கரைந்து உதிரும். எங்கள் பிளாஸ்டிக் செல்லில் இருந்த நுரையை வெளியே எடுத்தபோது, ஊறிய ரஸ்க் மாதிரி விரல் பட்ட இடமெல்லாம் பொடிந்தது. தமிழ்நாட்டில் பழைய காரைத் தயார்செய்பவர்கள் நுரை, ஹோஸ், பையின் ரப்பர் மூன்றுக்கும் எத்தனால் தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நண்பரின் காரில் கடைசியில் இருப்பது எஃப்டி3 பை, இரும்புக் கூடு, அதற்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் இரும்புச் சுவர். சாலையில் மட்டும் ஓடும் கார் என்றால் இதே சுவரும் புது அசல் டேங்கும் போதும் என்றிருப்பேன். முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத் துண்டைச் சுற்றி, காரின் மூக்கைத் தூக்கி இரவு முழுக்க நிறுத்திவைத்தோம். காலையில் எல்லாக் காகிதமும் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் முழுக்க நிரப்பினோம். டிக்கிக் கதவின் உட்பக்கம் பையின் காலாவதி மாதத்தையும் வருடத்தையும் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்.