ஆய்வகச் சோதனைக்கு எது: செர்மோரெலினா, ஜிஎச்ஆர்பி-6ஆ?

இரண்டுமே மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் செயற்கை பெப்டைடுகள் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலிகள்). ஆனால் தட்டும் கதவு, அதாவது செல்லிலுள்ள ஏற்பி, வேறு.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும் ஜிஎச்ஆர்எச் (வளர்ச்சி ஹார்மோனை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்) 44 அமினோ அமிலங்கள் கொண்டது. 1982இல் அது, அதே ஹார்மோனைச் சுரந்த கணையக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் முதல் 29 அமினோ அமிலங்களே செர்மோரெலின். ஏற்பியைத் தூண்ட அவ்வளவே போதும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு உயர்கிறது, ஹார்மோன் வெளியேறுகிறது, அதை உருவாக்கும் மரபணுவும் முடுக்கப்படுகிறது. பாதை தெளிவானது என்பதால், புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஒரு குறை உண்டு: இரத்தச் சீரத்திலும் இருக்கும் டிபிபி-4 நொதி இதன் முனையைச் சீக்கிரம் வெட்டிவிடும். சீரம் கலந்த ஊடகத்தில் இதை மறந்தால் சோதனையே வீண்.

ஜிஎச்ஆர்பி-6இன் கதை இன்னும் சுவையானது. ஆறே அமினோ அமிலங்கள், வேர் என்கெஃபலின் என்ற, உடலே சுரக்கும் வலிநிவாரணப் பெப்டைடில். அதில் இரண்டு, இயல்பான வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமான டி-வகை என்பதால் நொதிகளுக்கு எளிதில் மசியாது. முதலில் வந்தது இந்த மருந்துதான். அதன் ஏற்பி 1996இல்தான் குளோன் செய்யப்பட்டது. அந்த ஏற்பிக்குரிய இயற்கை ஹார்மோனான கிரெலின் 1999இல் சிக்கியது! இங்கே சமிக்ஞை கால்சியம் வழி. விலங்குகளில் பசியும் கூடும், கார்ட்டிசால் வகை ஹார்மோன்களும் சற்று உயரலாம்; சுரப்பை மட்டும் அளக்க நினைப்பவருக்கு அது தொல்லை. அப்படியானால் அதே ஏற்பியைத் தட்டி, கார்ட்டிசாலை அவ்வளவாக உயர்த்தாத ஐபமோரெலின் மேல்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் விளைவு வெறும் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறது. பாதைகள் தனித்தனி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.