சுங்கான் விளம்பரம் போடலாமா என்று கேட்டேன், சிகரெட் பற்றிப் பதில் வந்தது

மரவேலை பற்றி ஒரு சின்னக் காலாண்டிதழ் நடத்துகிறேன், அச்சு இதழ், பல நாடுகளுக்குத் தபாலில் போகிறது. ப்ரையர் மரத்தில் சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கிற பைப், கடைகிற ஒருவர் முழுப்பக்க விளம்பரம் கேட்டார். படத்தில் புகை இல்லை, புகையிலை இல்லை, துணி விரிப்பின் மேல் ஒரு பைப், அவ்வளவுதான். போடலாமா என்று தெரிந்துகொள்ள, விளம்பரங்களைச் சட்டப்படி சரிபார்த்துத் தருகிற ஒரு நிறுவனத்திடம் போனேன். பெயர் வேண்டாம்.

அறிக்கை சொன்ன நாளில் வந்துவிட்டது, அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் முக்கால்வாசி சிகரெட். அமெரிக்காவில் 1971 ஜனவரி 2 முதல் வானொலி, தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் கிடையாது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது பத்திரிகை, அந்தத் தடை அச்சைத் தொடவே இல்லை! என் கேள்வி புகையிலை பற்றியது கூட இல்லை. புகையிலையே இல்லாத ஒரு மரச்சாமான், அதை எந்தக் கணக்கில் வைப்பது?

உருப்படியான பகுதி கடைசி இரண்டு பக்கம். புகையிலை விளம்பரம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003/33 உத்தரவில் புகையிலைப் பொருள் என்றால் கொஞ்சமாவது புகையிலை கலந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சுங்கான் தப்பிக்கிறது. ஆனால் அதே உத்தரவில் விளம்பரம் என்பதற்குச் சொல்லும் விளக்கம், புகையிலைப் பொருளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கிற எதையும் இழுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் (2005இல் நடைமுறைக்கு வந்தது) இன்னும் ஒரு படி மேலே போய், புகையிலைப் பயன்பாட்டை ஊக்குவிப்பதையும் சேர்க்கிறது. சுங்கானை வேறு எதற்குப் பயன்படுத்துவது, பூச்செடி வைக்கவா? இந்தியாவின் 2003 புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் சுங்கான் புகையிலை இருக்கிறது, சுங்கான் இல்லை. ஆனால் அங்கேயும் ‘மறைமுகமாக’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம். பிரிட்டனின் 2002 சட்டப்படி புகையிலை விளம்பரம் வந்தால் விளம்பரம் கொடுத்தவர் மட்டுமல்ல, இதழின் உரிமையாளரும் ஆசிரியரும்கூடக் குற்றவாளி ஆகலாம். என் இதழில் இரண்டும் நானே. இதை முதல் பக்கத்தில் போட வேண்டாமா? அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். புகையிலை வியாபாரிகளுக்கு மட்டுமான இதழ்களுக்கு ஐரோப்பிய விதியில் விலக்கு உண்டு. மரவேலை இதழுக்கு அது எப்படிப் பொருந்தும்?

அமெரிக்கப் பகுதி சுமார். 2016இல் வந்த விதி புகையிலைப் பொருட்களின் பாகங்களையும் கட்டுப்பாட்டுக்குள் இழுத்தது, துணைப்பொருட்களை விட்டுவிட்டது. சுங்கான் பாகமா துணைப்பொருளா என்று புகையிலைத் தொழில்துறையினர் நீதிமன்றம் வரை போனார்கள். இந்தச் சண்டைதான் நான் கேட்ட கேள்வியே, அறிக்கையில் அதற்கு நான்கு வரி. பிரான்ஸ் பற்றியும் அங்குள்ள புகையிலை விளம்பரத் தடைச் சட்டத்தின் பெயரோடு சரி. அந்தச் சட்டத்துக்குப் பயந்து 2009இல் பாரிஸ் மெட்ரோ சுவரொட்டியில் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் ஜாக் தாத்தி வாயிலிருந்த சுங்கானை எடுத்துவிட்டு மஞ்சள் காற்றாடி வைத்தார்களே, அதைச் சொல்லியிருந்தால் என் வாடிக்கையாளருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். நான்தான் தேடிப் பிடித்துக் காட்டினேன்.

முடிவாக ‘போடலாமா, கூடாதா’ என்று போனில் கேட்டதற்கு, “ரிஸ்க் இருக்கிறது” என்றார்கள். அது தெரிந்துதானே காசு கொடுத்தேன்.

ஐந்துக்கு மூன்று. சிகரெட் கம்பெனிக்காரர் யாராவது இருந்தால் தாராளமாகப் போகலாம். சுங்கான், ஹூக்கா மாதிரி எல்லைக்கோட்டில் நிற்கிற பொருள் என்றால், கேள்வியை எழுத்தில் கொடுத்து, பொருளுக்கும் புகையிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லி அடித்துப் பேசுங்கள்.

சுங்கான்காரர் கோபித்துக்கொண்டார். பிறகு அவரிடம் கடையாத ப்ரையர் கட்டைகளும் விற்பனைக்கு இருப்பது தெரிந்தது. இந்த இதழில் கட்டை விளம்பரம் வந்திருக்கிறது, முழுப்பக்கம்.