பெயர் 1050 டி.ஐ, உள்ளே இருப்பது 2011-ஆம் ஆண்டு சிப்: கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ, 4 ஜிபி என்று நம்பி நான் ஆன்லைனில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு போலி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது, அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. விற்றவர் இன்றைக்கும் அதே படத்தைப் போட்டு அதையே விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என் சித்தி மகன். அவனிடம் இதே 1050 டி.ஐ பல வருடமாக ஓடுகிறது. 2016-இல் வந்த கார்டுதான், ஆனால் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும், பெரும்பாலான மாடல்களுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் கூடத் தேவையில்லை. என் பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை.

பார்சல் வந்தது. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் சுத்தமாக இருந்தன. கார்டில் 6 பின் பவர் சாக்கெட் இருந்தது, சில நிறுவனங்கள் கூடுதல் வேகத்துக்காக அப்படி வைப்பதுண்டு என்பதால் விட்டுவிட்டேன். விஜிஏ போர்ட்டும் இருந்தது. என் மானிட்டர் பழையது, அதனால் எனக்குச் சந்தோஷம்தான். 1050 டி.ஐ சேர்ந்த தலைமுறைச் சிப்புகளில் விஜிஏ போன்ற அனலாக் வெளியீடே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெட்டியைப் பிரித்த அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். கூடவே ஒரு சிடியும், இந்த டிரைவரை மட்டுமே போடவும் என்று ஒரு துண்டுச்சீட்டும் இருந்தன.

விண்டோஸில் பெயர் சரியாகவே காட்டியது. மெமரியும் 4 ஜிபி. ஆனால் கேம் திறந்தால் திக்கித் திணறி ஓடுகிறது. விற்றவரிடம் கேட்டேன். உங்கள் பிராசஸர் பழையது சார், அதுதான் கார்டை இழுத்துப் பிடிக்கிறது என்றார். பழைய பிராசஸரால் நல்ல கார்டின் வேகம் குறைவது உண்மையிலேயே நடக்கிற விஷயம், அதனால் நம்பிவிட்டேன். அந்தப் பதிலில்தான் என் நாட்கள் எல்லாம் போயின. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன், நண்பரிடம் வேறு பவர் சப்ளை கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன், என்விடியா தளத்திலிருந்து புது டிரைவர் இறக்கிப் போட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் திரை கருப்பாகிவிட்டது. அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார்: சிடியில் இருப்பதைத்தானே போடச் சொன்னோம் என்றார். யூடியூபில் இதே கார்டை ஓட்டிக் காட்டும் வீடியோக்களையும் பார்த்தேன், ஆனால் அவர்களுடைய பிராசஸர் வேறு, ரேம் வேறு, அதனால் குறை என் கம்ப்யூட்டரில்தான் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கடைசியில் சித்தி மகன்தான் சொன்னான், "அண்ணா, என் கார்டைக் கழற்றிக் கொண்டுவருகிறேன், உன் கம்ப்யூட்டரிலேயே மாட்டிப் பார்த்துவிடுவோம்." ஒரே மதர்போர்டு, ஒரே பிராசஸர், ஒரே கேமில் ஒரே இடம், 1080பி, ஒரே செட்டிங்ஸ். அவன் கார்டில் நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம். என்னுடையதில் 20-ஐத் தொடவே கஷ்டப்பட்டது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி ஏற்றினோம், என் கார்டில் திரை முழுக்கக் கோடும் வண்ணத் திட்டுகளுமாக ஆகிவிட்டது. வல்கனில் (கேமும் கார்டும் பேசிக்கொள்ளும் புதிய மென்பொருள் முறை) ஓடும் கேம் ஒன்று அவன் கார்டில் சாதாரணமாகத் திறந்தது, என்னுடையதில் திறக்கவே இல்லை. பிராசஸர்தான் காரணம் என்றால் அவன் கார்டும் திணறியிருக்க வேண்டும் அல்லவா? பத்து நிமிட வேலை, இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் ஜிபியு-இசட் இறக்கி ஓட்டினோம். கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் இலவச மென்பொருள்தான், இரண்டு நிமிடம் போதும். பெயருக்கு முன்னாலேயே ஃபேக் என்று போட்டுக் காட்டியது (2018-இலிருந்தே அதில் இந்த வசதி இருக்கிறது). சிப் ஜி.எஃப் 116, 40 நானோமீட்டர், 192 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு). உண்மையான 1050 டி.ஐ-யில் இருக்க வேண்டியது ஜி.பி 107, 14 நானோமீட்டர், 768 கோர். அதாவது எனக்கு வந்தது 2011-இல் வெளியான ஜி.டி.எக்ஸ் 550 டி.ஐ-யின் சிப். கோர் எண்ணிக்கையோடு அவற்றின் கடிகார வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலே உண்மையான கார்டின் திறனில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், எங்களுக்கு வந்ததும் அதுதான். பழைய கார்டின் பயாஸை (தான் என்ன கார்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி எழுதி, பெயரையும் மெமரி அளவையும் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்பிக் காட்டுகிறது. உள்ளே நிஜமாக இருக்கும் மெமரியைத் தாண்டியதும் திரை சிதறுகிறது. அந்தத் தலைமுறைச் சிப்புகளுக்கு வல்கன் ஆதரவே கிடையாது, 2018-இல் புது கேம் டிரைவர்களும் நின்றுவிட்டன. சிடியை மட்டும் போடச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். மென்பொருள் தப்பாகக் காட்டுகிறது என்றார் விற்றவர். இரண்டு கார்டையும் ஒப்பிட்டு எடுத்த வீடியோவை அனுப்பினேன், கெடு முடிந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை. வாங்கிய தளத்தில் புகார் கொடுத்தால், படத்தில் உள்ள பொருளும் வந்த பொருளும் ஒன்றாக இருக்கின்றன என்று எழுதி மூடிவிட்டார்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான், யார் இல்லை என்றார்கள்?

போலி இல்லாமல், நிறுவனங்களே விட்ட கார்டுகளிலும் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வாய்ப்பு உண்டு. ஜி.டி 1030-இல் ஜி.டி.டி.ஆர் 5 மெமரி வைத்தது நொடிக்கு 48 ஜிபி கடத்தும், அதே பெயரில் டி.டி.ஆர் 4 மெமரியோடு வந்தது 17 ஜிபி கூடத் தாண்டாது. ஆர்.டி.எக்ஸ் 3050-இல் 8 ஜிபி மாடலுக்கு 2560 கோர், 6 ஜிபி மாடலுக்கு 2304, மெமரியின் அகலமும் (பிட் எண்ணிக்கை) குறைவு. ஆர்.எக்ஸ் 580 என்று சொல்லி 2048 எஸ்.பி என்று சின்னதாகப் போட்டிருந்தால் அதன் கோர் எண்ணிக்கை 570-உடையது. விற்பவர் பெயரை மட்டும் சொன்னால் கோர் எத்தனை, மெமரி எந்த வகை, எத்தனை பிட் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கார்டு என்றால் ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள், தர மறுத்தால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றைக்கே நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவர் போட்டு, ஏதாவது ஒரு கேமைக் கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். வேகம் குறைவாக இருந்தால் முதலில் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரை அப்புறம் சோதியுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

நேற்று அந்தக் கார்டின் ஹீட்சிங்கைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். சிப்பின் மேலேயே ஜி.எஃப் 116 என்று பொறித்திருக்கிறது, அதை அழிக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. அந்தப் படத்தை வைத்துத் தளத்தில் மறுபடி புகார் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இப்படி ஒரு கார்டு வாங்கி, திருப்பி அனுப்ப இன்னும் நாள் மிச்சம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இப்போதே ஜிபியு-இசட் ஓட்டிப் பாருங்கள்.